ஆறாவது ஆள்

ஆற்றைக் கடந்து கரையேறிய ஆறு பேரில் ஒருவன் எண்ணிப் பார்க்கிறான். ஐந்துதான் வருகிறது. இன்னொருவன் எண்ணுகிறான். அப்போதும் ஐந்துதான். நம்மில் ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று கரையில் ஒப்பாரி கிளம்புகிறது. பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் பற்றி வேறொன்றும் அறியாதவர்களுக்கும் இந்த ஒரு சமாச்சாரம் தெரியும். கேட்டவுடன் சிரிப்பு வருகிறது. எழுத்தில் வந்து இருநூற்றெழுபது வருஷங்களுக்கு மேல் ஆகியும் அந்தச் சிரிப்பு தேயவில்லை. ஒரு நகைச்சுவை இத்தனை காலம் நிற்குமானால் அதற்குள் நகைச்சுவை தவிர வேறு ஏதோ இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

கதையை எழுத்தில் வைத்தவர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. நமக்கு வீரமாமுனிவர். 1680இல் வட இத்தாலியில் காஸ்தில்யோனே என்ற ஊரில் பிறந்து, யேசு சபையில் சேர்ந்து, 1710இல் கோவாவில் கரையிறங்கி, மதுரை மிஷனுக்கு வந்தவர். இன்றைய அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம் உள்ள ஏலாக்குறிச்சியைப் பல ஆண்டுகள் தம் இருப்பிடமாக வைத்துக்கொண்டார். அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டினார். அதன்மேல் ஒரு கலம்பகமும் பாடினார். ஏலாக்குறிச்சியில் இருப்பவனுக்கு ஆறு என்றால் கொள்ளிடம்தான். மணல் தெரியும் மாதங்களில் அது தூங்குகிறது, வெள்ள மாதங்களில் விழித்துக்கொள்கிறது என்று யாராவது சொன்னால் அந்தக் கரைக்காரர்கள் சிரிக்கமாட்டார்கள். அது அவர்களுக்கு அனுபவம்.

பெஸ்கி சாதித்தவை சாமானியமானவை அல்ல. 3615 விருத்தங்களில் தேம்பாவணி. ஐந்திலக்கணத்துக்குத் தொன்னூல் விளக்கம். தமிழ் அகராதிகளின் பாதையைத் திருப்பிவிட்ட சதுரகராதி, 1732இல். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஏட்டில் ஒன்றுபோலக் கிடந்து வாசிப்பவனைக் குழப்பியதைக் கண்டு, அவற்றை எழுத்திலேயே வேறுபடுத்திக் காட்டியவர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு. இவ்வளவுக்கும் நடுவில், தமிழ் கற்க வரும் பாதிரிமார் பேச்சு வழக்கைப் பழகிக்கொள்வதற்காக ஒரு பயிற்சிப் பாடம்போல எழுதிவைத்ததுதான் பரமார்த்த குருவின் கதை. லத்தீன் மொழிபெயர்ப்போடு அவருடைய தமிழ்-லத்தீன் அகராதியை ஒட்டிக் கிடந்தது. காவியம் பண்டிதர்களிடம் போய்ச் சேர்ந்தது. பயிற்சிப் பாடம் ஜனங்களிடம் போய்ச் சேர்ந்தது. இலக்கிய ஆசிரியன் எதற்காக நினைக்கப்படுவான் என்பதை அவன் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம் மொழியில் கிடைப்பது கஷ்டம்.

இது தற்செயல் மட்டும் அல்ல. செய்யுளில் மடையனை நுழைய விடமாட்டார்கள். நுழைந்தாலும் எதுகை மோனை அவனைக் கொஞ்சம் அழகுபடுத்திவிடும். முட்டாள்தனத்துக்கு உரைநடை வேண்டும். அதிலும் சந்தை உரைநடை வேண்டும். கவிராயர்கள் கைதொடாத அந்தக் கொடுந்தமிழை ஒரு வெளியூர்க்காரர் எழுதத் தகுந்தது என்று எடுத்துக்கொண்டபோது, அதற்குள்ளிருந்து ஆறு பேர் நடந்து வந்தார்கள். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று சீடர்கள் ஐவர். குருவின் பெயர் மட்டும் பரமார்த்தன்.

இவர்களை அறிவில்லாதவர்கள் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட முடியாது என்பதுதான் விசேஷம். இவர்களிடம் அறிவு ஏராளமாக இருக்கிறது. நியாயம் பேசுகிறார்கள், பரிசோதனை செய்கிறார்கள், பட்டியல் போடுகிறார்கள். ஆறு விழித்திருந்தால் ஆபத்து, தூங்கும்போது கடக்க வேண்டும் என்று குரு சொல்கிறார். சரி, தூங்குகிறதா என்று எப்படி அறிவது? கொள்ளிக்கட்டையை நீட்டிப் பார்க்கிறார்கள். சுரீர் என்று சத்தம், புகை. விழித்திருக்கிறது. பிற்பாடு அணைந்துபோன அதே கட்டையைக் கொண்டுவந்து முக்குகிறார்கள். சத்தமில்லை. தூங்கிவிட்டது. கருதுகோள், சோதனை, மறுசோதனை, முடிவு, எல்லாம் கிரமமாக நடக்கின்றன. பிழை ஒரே இடத்தில்தான். இரண்டாம் தடவை மாறியது ஆறா, தங்கள் கையிலிருந்த கட்டையா என்று அவர்கள் பார்க்கவில்லை.

பட்டியல் விவகாரமும் அப்படித்தான். குரு குதிரைமேல் போகும்போது தலைப்பாகை விழுகிறது. எடுக்கச் சொல்லவில்லையே என்று சீடர்கள் எடுக்கவில்லை. விழுவதையெல்லாம் எடுங்கள் என்கிறார். குதிரைச் சாணத்தைத் தலைப்பாகையில் பிடித்து நீட்டுகிறார்கள். சலித்துப்போன குரு, எவையெவை விழுந்தால் எடுக்க வேண்டும் என்று ஓலையில் எழுதச் செய்கிறார். பிறகு அவரே ஒரு குழியில் விழுகிறார். சீடர்கள் ஓலையைப் படித்து வேட்டி முதற்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறார்கள். குருவை எடுக்க ஓலையில் இடமில்லை. குழியில் கிடந்தபடியே தம்மையும் பட்டியலில் அவர் சேர்த்துக்கொடுத்த பிறகுதான் தூக்குகிறார்கள். அரசாங்க அலுவலகத்தில் ஒரு மத்தியானம் காத்துக் கிடந்த எவருக்கும் இந்தச் சீடர்களைத் தெரியும். ஆனால் சீடர்களைப் பார்த்துச் சிரிக்கும் அவசரத்தில் நாம் ஒன்றைக் கவனிப்பதில்லை. பட்டியல் போட்டவர் குரு. விழக்கூடிய பொருள்களையெல்லாம் யோசித்தவருக்கு, தாமும் விழக்கூடியவர் என்பது தோன்றவில்லை. ஆற்றங்கரையில் சீடன் செய்த தவறையே குதிரைமேல் குருவும் செய்தார். எண்ணுகிறவன் தன்னை எண்ணாமல் விட்டான். பட்டியல் போட்டவர் தம்மைப் பட்டியலில் விட்டார். புத்தகம் முழுவதுக்கும் அச்சு இதுதான் என்பேன்.

இந்த எண்ணிக்கைத் தவறு பெஸ்கியின் சொந்தச் சரக்கு அல்ல. இங்கிலாந்தில் கோதம் என்ற கிராமத்து ஞானிகளைப் பற்றிப் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து வழங்கும் கதைகளிலும், மீன்பிடிக்கப் போன பன்னிரண்டு பேர் பதினொன்று எண்ணி அழுகிறார்கள். நம் பக்கத்தில் இதற்கு இன்னும் பழைய வேர் இருக்கிறது. சங்கரர் பெயரில் வழங்கும் உபதேச ஸாஹஸ்ரியில் பத்தாவது ஆள் உவமை வருகிறது. பதினான்காம் நூற்றாண்டின் பஞ்சதசியில் அது விரித்துரைக்கப்படுகிறது. பத்துப் பேர் ஆற்றைக் கடக்கிறார்கள். ஒருவன் ஒன்பது எண்ணித் துக்கப்படுகிறான். வழிப்போக்கன் வந்து, பத்தாவது ஆள் நீதான் என்கிறான். துக்கம் தீர்கிறது. அங்கே அது ஆத்ம ஞானத்துக்கு உவமை. காணாமல் போனது ஒருநாளும் காணாமல் போகவில்லை. தேடுகிறவனே தேடப்படுபவன்.

ஒரே கதை மடத்தில் சொன்னால் வேதாந்தம், திண்ணையில் சொன்னால் வேடிக்கை. பெஸ்கியின் குருவுக்குப் பரமார்த்தன் என்று பெயர் வாய்த்ததை இந்த இடத்தில் யோசிக்க வேண்டும். முடிந்த முடிபான மெய்ப்பொருள் என்பதற்கு வேதாந்திகள் வைத்திருக்கும் வார்த்தை அது. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு கிழவர் தம்மையே எண்ணத் தெரியாதவர்களோடு ஆற்றங்கரையில் அழுகிறார். வேதாந்தி, பத்தாவது ஆளைக் கண்டுபிடித்தவன் விடுதலை பெற்றான் என்று முடிக்கிறான். கதைக்காரனுக்கு அத்தனை நம்பிக்கை இல்லை. அவனுடைய வழிப்போக்கன் முதலில் காசு பேசிக்கொள்கிறான். பிறகு வரிசையாக நிறுத்தி முதுகில் ஒவ்வொரு அடியாகப் போட்டு எண்ணுகிறான். கணக்கு சரியாகிறது. ஆறு பேரும் நன்றியோடு காசைக் கொடுத்துவிட்டு, முன்பிருந்த அதே முட்டாள்களாக அடுத்த கதைக்குப் போகிறார்கள். மனித சுபாவத்தைப் பற்றி இரண்டில் எது மெய்யான கதை என்பதை அவரவர் அனுபவத்துக்கு விட்டுவிடலாம்.

எழுதியவர் தம்மை எண்ணினாரா? இதைக் கேட்காமல் இருக்க முடியாது. கத்தோலிக்கத் தமிழில் பாதிரியாருக்கு இன்றும் குரு, குருவானவர் என்றுதான் பெயர். ஆக, குருவைப் பற்றிய கேலியை எழுதியவர் ஒரு குரு. கோட்டைக் கல்லூரியைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளை 1822இல் எழுதிய பெஸ்கி சரித்திரம், காஷாயமும் புலித்தோலும் பல்லக்கும் பரிவாரமுமாக அவரைக் காட்டுகிறது. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் பலர் இதில் பாதியை நம்பவில்லை. நம்பாவிட்டாலும் நஷ்டமில்லை. ஜனங்களின் ஞாபகத்தில் அவர் பல்லக்கில் போகும் குருவாகவே பதிந்தார் என்பது போதும். குதிரையேற ஆசைப்பட்டு விழுந்த குருவின் கதையை எழுதியவரைப் பல்லக்கில் ஏற்றித்தான் பார்க்க முடிந்தது நமக்கு.

தரங்கம்பாடி லுத்தரன் மிஷனோடு அவர் நடத்திய சண்டை இன்னொரு அத்தியாயம். வேத விளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு என்று கண்டன நூல்களாக எழுதினார். அவற்றில் மட்டி, மடையன் எல்லாரும் எதிர்க்கரையிலேயே நிற்கிறார்கள். இந்தக் கரையில் ஒருவரும் இல்லை. ஆனால் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டது எந்த அச்சகம் என்று பார்த்தால், அதே தரங்கம்பாடி அச்சகம்தான். சமயத்தில் சத்துரு, இலக்கணத்தில் குரு. கண்டனம் செய்தவரின் தமிழ்தான் கண்டிக்கப்பட்டவர்களுக்கும் தேவைப்பட்டது. இரு தரப்பும் இதை உரக்கச் சொல்லிக்கொண்டிருக்க நியாயமில்லை. சண்டைக் கணக்கில் இந்த மாதிரி வரவுகளை யாரும் பதிவதில்லை.

பெஸ்கி 1747இல் இறந்தார். கதை நாடு விட்டு நாடு போனது. 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் என்ற வெள்ளைக்காரர் லண்டனில் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் அதை அச்சிட்டார். சென்னையில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர். பிற்பாடு வைத்தியராகி, 1829இல் தொண்டைக்குள் பார்ப்பதற்குக் கண்ணாடி வைத்த ஒரு கருவியைச் செய்து காட்டினார். 1826இல் பாரிஸில் அபே துபுவா பிரெஞ்சில் வெளியிட்டார். இவை பெஸ்கியின் கற்பனை அல்ல, நாட்டில் வழங்கிய கதைகளை அவர் தொகுத்திருக்கிறார் என்பது துபுவாவின் கட்சி. 1861இல் லண்டனில் படங்களோடு இன்னொரு பதிப்பு வந்தது. அதில் பரமார்த்தர் ‘கூரூ சிம்பிள்’ ஆகிவிட்டார். சீடர்களுக்கு நூடில், டூடில், வைஸேக்கர், ஸேனி, பூஸில் என்று பெயர்கள். ஆங்கிலத்தில் முட்டாள்களுக்கு ஐந்து பெயர்கள் தயாராக இருந்திருக்கின்றன. தங்கள் ஊர்க் கோதம் ஞானிகளும் இதே கரையில் நின்று அழுதவர்கள் என்ற ஞாபகம் ஒரு கணமாவது வந்திருந்தால், இந்திய குருமார்களின் விசித்திரம் என்று ரசிப்பது கொஞ்சம் சிரமமாக இருந்திருக்கும். வாசகன் தன்னை எண்ணாமல் விட்டான். எங்களை இழிவு செய்ய ஒரு பாதிரி கட்டிய கதை என்று கோபப்படும் வாசகனும் அதே கணக்கைத்தான் போடுகிறான். கதை எங்கள் திண்ணையிலிருந்தே போனது என்று துபுவா சொன்ன சாத்தியம் அவன் எண்ணிக்கையில் வருவதில்லை.

கதை நிற்க. ஏலாக்குறிச்சியைச் சுற்றிய அந்தப் பிரதேசத்தின் சமீப சரித்திரத்தையே எடுத்து இந்த அச்சில் பொருத்திப் பார்க்கலாம்.

முதலில் வேடிக்கையானது. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2001இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002இல் அரியலூர் மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007இல் மறுபடி பிரிந்தது. ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. 1990இல் அரியலூரில் பிறந்த பிள்ளை, பதினேழு வயதுக்குள், குடியிருந்த வீட்டை மாற்றாமலே நான்கு தடவை மாவட்டம் மாறியிருக்கும். ஒவ்வொரு தடவையும் கூட்டியவர்களுக்கும் கழித்தவர்களுக்கும் நிர்வாக வசதி, சிக்கனம், மக்கள் கோரிக்கை என்று காரணங்கள் இருந்தன. காரணங்கள் சீடர்களிடமும் இருந்தன என்று பார்த்தோம். எண்ணப்பட்டவர்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். பலகைகள் மாறின.

இரண்டாவது, வேடிக்கை அல்ல. 1956 நவம்பர் 23 விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடி போகும் எக்ஸ்பிரஸ் அரியலூரை அடுத்து மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. தொடர்மழையில் ஆறு பெருகிக் கரையை அரித்திருந்தது. மருதையாறு பெரிய ஆறு அல்ல. பெரம்பலூர் பக்கத்திலிருந்து வந்து கொள்ளிடத்தில் சேரும் காட்டாறு, வருஷத்தில் பல மாதங்கள் மணல்தான். தூங்குகிற ஆறு. அன்றைக்கு விழித்திருந்தது. பரமார்த்தரின் சீடர்களை நாம் முட்டாள்கள் என்கிறோம். அவர்களோ ஆறு விழித்திருக்கிறதா என்று பார்க்காமல் காலை வைக்கவில்லை.

இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் ஒவ்வொரு நூலிலும் ஒரு எண் இருக்கிறது. நூற்றைம்பதை ஒட்டியவை பெரும்பாலானவை. சிலவற்றில் அதற்கும் கூட. வெள்ளத்தில் போனவர்களை எண்ணுவது கடினம் என்பது உண்மைதான். ஆனால் ராஜினாமாக்கள் எத்தனை என்று கேட்டால் எல்லா நூல்களும் ஒரே விடை சொல்கின்றன. அந்தச் செப்டம்பரில் மகபூப்நகரில் நூறு பேருக்கு மேல் இறந்த விபத்துக்குப் பிறகு ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார். நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடி கொடுத்தார். இந்தத் தடவை ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு அவர் பொறுப்பு என்பதற்காக அல்ல, அரசியலமைப்பு ஒழுக்கத்துக்கு ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதற்காகவே ஏற்கிறேன் என்ற தோரணையில் பாராளுமன்றத்தில் விளக்கமும் சொன்னார்.

சாஸ்திரி பாலம் கட்டியவர் அல்ல, ரயில் ஓட்டியவர் அல்ல, மருதையாற்றைப் பார்த்தவராக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. இருந்தும் எண்ணும்போது தம்மைச் சேர்த்து எண்ணினார். சுதந்திர இந்தியாவில் எண்ணிக்கை சரியாக வந்த அபூர்வ சந்தர்ப்பம் அது. பரமார்த்த குரு குழியில் கிடந்து பட்டியலில் தம்மைச் சேர்த்தார். இவர் குழிக்கு வெளியில் நின்றுகொண்டே சேர்த்தார். இதைக் கேலி செய்ய எனக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

கேலிக்குரியது அதற்குப் பின் நடந்தது. தமிழ்நாட்டில் அந்தச் சமயத்தில் அடிபட்டவர் ரயில்வே துணை மந்திரி ஓ. வெ. அழகேசன். அவர் பெயரோடு அரியலூரை எதுகைக்கு இழுத்துக் கட்டிய ஒரு கோஷம் 1957 தேர்தலில் மூலைமுடுக்கெல்லாம் ஒலித்தது. செங்கற்பட்டுத் தொகுதியில் அவர் தோற்றார். மருதையாற்றில் போனவர்களுக்குப் பெயர் இல்லை. கோஷத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது. தமிழில் ஒரு துக்கம் நிலைக்க வேண்டுமானால் அதற்கு எதுகை அமைய வேண்டும்போலும். பாலங்களின் அஸ்திவாரத்தைப் பற்றிக் கோஷம் எழுதுவது கஷ்டம்.

சாஸ்திரியின் முன்மாதிரிக்கும் இதே கதிதான். அதற்குப் பிறகு நடந்த எத்தனையோ விபத்துகளில், அரியலூர் தவறாமல் ஞாபகப்படுத்தப்படுகிறது. எதிர்க்கட்சியில் இருப்பவர் ஆளுங்கட்சி மந்திரிக்கு ஞாபகப்படுத்துகிறார். அடுத்த தேர்தலில் ஆசனம் மாறியதும் ஞாபகமூட்டும் கடமையும் கைமாறுகிறது. தன்னை எண்ணிக்கொண்ட ஒருவனின் காரியம் அடுத்தவனை எண்ணுவதற்கான பிரம்பாகிவிட்டது. கரையில் எல்லாரிடமும் பிரம்பு இருக்கிறது. ஒவ்வொருவரும் மற்ற ஐவரின் முதுகைத் தேடுகிறார்கள். விபத்து நடந்த நவம்பர் 23ஆம் தேதியேதான், ஐம்பத்தோரு வருஷம் கழித்து, 2007இல், அரியலூர் இரண்டாம் தடவையாக மாவட்டமானது. சரித்திரம் இப்படியொரு தேதிப் பொருத்தத்தைக் கொண்டுவந்து வைத்தால் அதில் அர்த்தம் தேடவேண்டியதில்லை. தேதி பொருந்தியதைக் கவனித்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, முட்டை. குருவுக்குக் குதிரை வாங்கப் போன சீடர்களிடம் ஒரு பெரிய பூசணிக்காயைக் காட்டி, இது குதிரை முட்டை என்று விற்கிறான் ஒருவன். தூக்கிவரும் வழியில் அது விழுந்து உடைகிறது. புதரிலிருந்து ஒரு முயல் பாய்கிறது. குட்டி ஓடிவிட்டதே என்று துரத்துகிறார்கள். பிடிபடவில்லை. குரு சமாதானம் சொல்கிறார்: பிறந்தவுடனே இந்த ஓட்டம் ஓடுகிற குதிரை எனக்கு ஆகாது, போனதே நல்லது. ஏமாற்றியவன் ஒரு பங்கு, ஏமாந்தவர்கள் ஒரு பங்கு, சமாதானம் கண்டுபிடித்தவர் ஒரு பங்கு என்று முட்டாள்தனத்தை மூன்று பேர் சேர்ந்துதான் சுமக்கிறார்கள்.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில், நீர்நிலையில் மண் எடுத்த இடத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டன. உ. வே. சாமிநாதையர் சிறுவயதில் குடும்பத்தோடு இருந்து தமிழ் படித்த அதே குன்னம். டைனோசர் முட்டைகள் என்று செய்தி கிளம்பியது. கைப்பேசி வழியாக ஒரே நாளில் நாடு சுற்றியது. ஜனங்கள் பார்க்கத் திரண்டார்கள். பிறகு புவியியலாளர்கள் வந்து, இவை முட்டையல்ல, அம்மோனைட் என்னும் பழங்காலக் கடலுயிரின் ஓட்டைச் சுற்றிப் படிவு இறுகி உருண்ட கற்கள் என்றார்கள். செய்தி ஓடின வேகத்தில் மறுப்பு ஓடவில்லை. முயலைப் பிடித்தவர் யார்?

இதில் கிராமத்தாரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம், ஆகையால் சந்தேகத்துக்குரியது. அவர்கள் வெறும் கல்லைக் கண்டு ஏமாறவில்லை. அந்த மண்ணுக்கு அப்படியொரு பேர் உண்டு. 1840களிலேயே வெள்ளைக்காரர்கள் அங்கிருந்து தொல்லுயிர் எச்சங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். 1860களில் பிளான்போர்டும் ஸ்டோலிஸ்காவும் அதைப் பற்றி விஸ்தாரமாக எழுதினார்கள். சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகக் கிடக்கிறது. செந்துறைப் பக்கத்தில் நிஜமான டைனோசர் முட்டைப் படிவுகளைக் கண்டதாக 2009இல் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தார் அறிவித்தார்கள். குன்னத்துக்காரர்கள் விஞ்ஞானத்தின்மேல் வைத்த நம்பிக்கையினால்தான் ஏமாந்தார்கள். சீடர்களும் அப்படித்தான். குதிரை வேண்டுமென்று போனவர்களுக்குத்தான் பூசணி முட்டையாகும். கறி சமைக்கப் போனவனுக்கு அது பூசணிதான்.

விஞ்ஞானிகளுக்கும் இந்தக் கரையில் ஓர் இடம் உண்டு. அரியலூர் கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை வைத்து 1980களின் பிற்பகுதியில் ஒரு டைனோசருக்கு ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பேருடலி என்று பொருள். கண்டெடுத்தவர்கள் அதை மாமிசம் தின்னும் வகையில் சேர்த்தார்கள். பிற்பாடு வந்தவர்கள் தாவரம் தின்னும் நீள்கழுத்து வகைக்கு மாற்றினார்கள். எலும்புகளோ ஈரத்தில் நொறுங்கி மண்ணோடு மண்ணாகிவிட்டன. கையில் எலும்பு இல்லாததால் சந்தேகம் வளர்ந்தது. அது எலும்பே அல்ல, கல்லாகிய மரம் என்றும் சிலர் எழுதினார்கள். 2022இல் பழைய களப் புகைப்படங்களை வெளியிட்டு, எலும்புதான் என்று மறுபடி வாதாடினார்கள். அடுத்து, அதன் எடை நூறு டன்னுக்கும் மேல் என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு. இல்லாத எலும்புக்கு எடை! ஆனால் குன்னத்துக்கும் கல்லமேட்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதை ஒளிக்கக்கூடாது. கல்லமேட்டு விவாதத்தில் ஒருவர் கணக்கை இன்னொருவர் எண்ணிப்பார்க்க வழி வைத்திருக்கிறார்கள். நாற்பது வருஷமாவது ஆனாலும் பிரம்பு வந்து சேர்கிறது. முதுகைக் காட்டத்தான் வேண்டியிருக்கிறது. ஞானம் என்று நாம் சொல்வது அவ்வளவுதான் போலிருக்கிறது.

இதனிடையே நிஜமான பொக்கிஷம் லாரியில் போய்க்கொண்டிருக்கிறது. அரியலூர்ப் பிரதேசத்தின் சுண்ணாம்புக்கல் என்பது ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன கடலின் சிப்பிகளும் ஓடுகளும் படிந்து இறுகியது. அதைத் தோண்டி அரைத்துத்தான் சிமெண்டு ஆலைகள் ஓடுகின்றன. குன்னத்துக்குப் போய்ப் போலி முட்டையோடு படம் எடுத்துக்கொண்டவர், அசல் தொல்லுயிர் கலந்த சுவருக்குள் திரும்பிப் போய்ப் படுத்திருப்பார். விசித்திரம் என்பது எப்போதும் அடுத்த ஊரில் இருக்கிறது. தன் வீட்டுச் சுவரை ஒருவனும் எண்ணுவதில்லை. அதற்காக வீடு கட்டாமல் இருக்க முடியாது, ஆலைகளில் பிழைக்கும் குடும்பங்களுக்கு ஓடு ரசிக்க நேரமும் இருக்காது. நஷ்டக்கணக்கில் அதையும் ஒரு வரி எழுதிவைக்கலாம் என்பதற்குமேல் நான் சொல்லவில்லை.

கேலி எழுதுகிறவர்கள் சமூகத்தைத் திருத்துவார்கள் என்று ஒரு நம்பிக்கை நம் விமர்சகர்களிடையே உலவுகிறது. பெஸ்கியின் புத்தகம் அதற்கு ஆதாரம் தரவில்லை. குருவை நம்பாதே என்று அதிலிருந்து கற்றுக்கொண்டவர்கள் வேறொரு குருவிடம் போய்ச் சேர்ந்தார்கள். மடையன் என்ற சொல்லுக்குப் புது உபயோகங்கள் கிடைத்தன, மடையர்கள் குறையவில்லை. ஆனால் ஒரு காரியத்தை அது செய்தது. தவறு எங்கே நடக்கிறது என்று இடம் குறித்துக் கொடுத்தது. வெறுப்பிலோ பேராசையிலோ அல்லாமல், சாதாரணமாக, நல்லெண்ணத்தோடு, விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குகிறானே, அந்த நிமிஷத்தில் நடக்கிறது. நீட்டிய விரலுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறான். மருதையாற்றில் ரயில் கவிழ்ந்தபோது ஒருவர் அந்த விரலைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார் என்பதால் அது முடியாத காரியம் அல்ல என்றும் தெரிகிறது.

இனி அந்த வழிப்போக்கன். முதுகுக்கு ஓர் அடியாக ஆறு பேரையும் பிழையில்லாமல் எண்ணிக் கொடுத்துவிட்டு, காசை மடியில் முடிந்துகொண்டு, எப்பேர்ப்பட்ட முட்டாள்கள் என்று சிரித்தபடி போகிறான். கதையில் புத்திசாலி அவன் ஒருவன்தான் என்று வாசிக்கிற நாமும் அவன் பக்கத்தில் நின்று சிரிக்கிறோம். அந்த நேரத்தில் கரையில் இருந்தவர்கள் ஏழு பேர்.